பவளத் தொட்டியில் பாசி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் கடல்மீனும் வளரும் உப்புநீர்த் தொட்டி, வைத்து 11 ஆண்டுகள் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் மீனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பாசியைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. நைட்ரேட், பாஸ்பேட் அளவுகள் எல்லாம் பிபிஎம் கணக்கில் உள்ளன. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொட்டி வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பாசி வந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

அநேகமாக ஒரு தவறும் இல்லை. தண்ணீரும் வெளிச்சமும் சத்தும் இருக்கிற இடத்தில் பாசி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதுத் தொட்டியின் பாறை தரிசு நிலம் மாதிரி. அதில் நல்ல பாக்டீரியாவும் பவளமும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும் குடியேற மாதக்கணக்கில் ஆகும். பாசிக்குச் சில நாள்கள் போதும். முதலில் பழுப்புத் தூள், பிறகு பச்சை, நடுவில் கொஞ்சம் சிவப்புச் சளி என்று ஆறேழு மாதம் வரை நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் காலத்தில்தான் பலர் பதறிப்போய்க் கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் ஊற்றுகிறார்கள். நான் பார்த்த தொட்டிகளில் பாசியால் கெட்டவை குறைவு, பாசிக்குச் செய்த வைத்தியத்தால் கெட்டவை அதிகம்.

2. நைட்ரேட், பாஸ்பேட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவற்றைத் தொட்டியில் போடவே இல்லையே, எங்கிருந்து வருகின்றன?

தினமும் நீங்கள்தான் போடுகிறீர்கள், மீன் தீனி என்ற பெயரில். தீனியிலுள்ள புரதம் செரித்த பிறகு மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. பாறையில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அடுத்து நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாஸ்பேட்டுக்கும் தீனிதான் ஊற்று. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சி மக்குவதிலிருந்தும் அது நீரில் கலக்கிறது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆக்சிஜன் எட்டாத பாறைத் துளைகளிலும் மணலின் அடியிலும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பேட்டுக்கு அந்த வாசல் கிடையாது. யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் அது வெளியேறும்: பிடுங்கிய பாசியாக, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியின் கோப்பையில் சேரும் அழுக்கு நுரையாக, மாற்றிய தண்ணீராக, வளர்ந்த பின் வெட்டியெடுத்த பவளக் கிளையாக. பின்னால் வரும் பாதிப் பதில்களுக்கு இந்த ஒரு வேறுபாடுதான் அடிப்படை.

3. சரியான அளவு எவ்வளவு? சுற்றி வளைக்காமல் ஓர் எண் சொல்லுங்கள்.

நைட்ரேட் 5 முதல் 15 வரை, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை. அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்கள் வைத்திருந்தால் இந்த வரம்பின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். மென்பவளங்கள் மட்டும் என்றால் கொஞ்சம் ஏறினாலும் குற்றமில்லை. நைட்ரேட் 30-இல் செழித்து நிற்கும் தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன். 12-இல் ஆறு மாதம் அசையாமல் நிற்கும் தொட்டி, 2-க்கும் 20-க்கும் இடையே ஊஞ்சலாடும் தொட்டியைவிட நன்றாக இருக்கும்.

4. கடலில் பவளப்பாறை இருக்கும் இடத்தில் இவை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தானே? என் தொட்டியிலும் பூஜ்ஜியமாக்கிவிட்டால் பாசியே வராது அல்லவா?

முதல் பாதி உண்மை. பவளப்பாறைப் பகுதியின் மேற்பரப்பு நீரில் நைட்ரேட் பெரும்பாலும் 0.2-ஐத் தாண்டாது, பாஸ்பேட்டும் மிகச் சொற்பம். ஆனால் அங்கே இரவும் பகலும் மிதவையுயிர்கள் நீரோடு வந்துகொண்டே இருக்கின்றன, பவளம் அவற்றைப் பிடித்துத் தின்கிறது. நீரில் கரைந்த சத்து குறைவு, வாயில் விழும் தீனி அதிகம். வீட்டுத் தொட்டியில் அந்த மிதவையுயிர்கள் கிடையாது. கரைந்த சத்தையும் பறித்துவிட்டால் பவளமும் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியும் பட்டினிதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் ஆண்டில் பாஸ்பேட் 0.2 என்று காட்டியதும், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுக் குருணையை வழக்கமான அளவைவிட இரண்டு மடங்கு போட்டேன். நான்கே நாளில் பூஜ்ஜியம். பச்சைப் பாசி வெளுத்தது, நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டாவது வாரம் அக்ரோபோரா நுனியிலிருந்து வெள்ளையாகத் தொடங்கியது. ஐந்தாவது வாரம் மணல் முழுக்கப் பழுப்புச் சளி. அதன் பெயர் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்), அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது: 17.

5. மணல் மேல் காப்பிப் பொடி தூவிய மாதிரி இருக்கிறது. இது என்ன?

டயாட்டம். இதன் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. புது மணல், புதுப் பாறை, சரியாக வடிகட்டாத தண்ணீர் ஆகியவற்றிலிருந்து வரும் சிலிக்கேட்டைத் தின்று வளரும். கையால் விசிறினால் புகைபோல எழும், சில மணி நேரத்தில் திரும்பப் படியும். சில வாரங்களில் தானே போய்விடும். வயதான தொட்டியில் திடீரென்று வந்தால் தண்ணீர் வடிகட்டியைப் பாருங்கள்.

6. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து விட்டு உப்புக் கலக்கிறேன். போதாதா?

போதாது. அந்த மருந்து குளோரினைத்தான் நீக்கும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், குழாயிலிருந்து கரையும் செம்பு எல்லாம் அப்படியே தொட்டிக்குள் வரும். செம்பு முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு, நத்தையும் இறாலும்தான் முதலில் போகும். ஆர்.ஓ. கருவியும் அதன் கடைசியில் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினும் சேர்ந்த நீர்தான் வேண்டும். வெளியே வரும் நீரின் டி.டி.எஸ். மீட்டர் அளவு (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 0 ஆக இருக்க வேண்டும், 1 அல்லது 2 காட்டத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுவதும் இதே நீராக இருக்கட்டும். ஆவியாகிப் போவது சுத்த நீர் மட்டுமே. கூட வந்த அழுக்கு உள்ளேயே தங்கி நாளுக்கு நாள் சேரும்.

7. பாறையில் பச்சை முடி வளர்ந்திருக்கிறது. எதை ஊற்றினால் போகும்?

கையைத் தொட்டிக்குள் விடுங்கள். விரலால் பிடுங்குங்கள், பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், தேய்க்கும் இடத்திலேயே சைஃபன் குழாயை வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். மிதக்க விட்டால் வேறு பாறையில் போய் ஒட்டும். ஒரு கைப்பிடி முடிப்பாசியை எடுத்தால் அதற்குள் சேர்ந்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு வெளியேறுகின்றன. உள்ளேயே கொன்றால் அழுகி, எல்லாச் சத்தும் திரும்ப நீருக்குத்தான் வரும். அடுத்த பாசிக்கு நீங்களே உரம் போட்டதாகிவிடும்.

எடுக்கக்கூடிய சிறு பாறையாக இருந்தால் வெளியே எடுத்து, பாசியின் மேல் மட்டும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, சில நிமிடம் கழித்துத் தொட்டி நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். பவளத்தின் மேல் படக் கூடாது. அதைத் தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டாம், இறால்கள் தாங்காது.

பிடுங்குவதை வாரம் ஒருமுறை என்று ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும். கூடவே அதைத் தின்ன ஆள் வேண்டும், அது கேள்வி 11.

8. பாறை முழுக்கப் பாசி, ஆனால் சோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியம். டெஸ்ட் கிட் பழுதா?

கிட் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. சம்பளம் வந்த அன்றே செலவாகிவிடும் வீட்டில் மாதக் கடைசிக் கையிருப்பைப் பார்த்து வருமானத்தைச் சொல்ல முடியுமா? சோதனை காட்டுவது நீரில் மிச்சம் இருப்பதை மட்டுமே. வந்ததையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிட்டால் மிச்சம் இராது.

இந்த நிலையில் பாஸ்பேட் நீக்கியைப் போட்டால் முதலில் பட்டினி கிடப்பது பவளம்தான், பாசி அல்ல. கையால் பிடுங்குங்கள். பாசி குறையக் குறைய எண் மேலே ஏறும். பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி.

எனக்குக் கிட்டைவிடப் பிடித்த அளவுகோல் முன்பக்கக் கண்ணாடி. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்றால் எல்லாம் அளவோடு இருக்கிறது. தினமும் துடைக்க வேண்டியிருந்தால் சத்து அதிகம். இரண்டு வாரமாகியும் கண்ணாடி பளிங்குபோல இருந்தால் அதுதான் எனக்குக் கவலை.

9. என் மீட்டர் பாஸ்பேட் 20 என்கிறது, நண்பருடைய கிட் அதே தண்ணீரில் 0.06 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் ஒன்றுதான். சில மீட்டர்கள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை மட்டும், அதுவும் நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில் காட்டும். 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 20-க்கு 0.061 வருகிறது. நைட்ரேட்டிலும் இதே குழப்பம் உண்டு. கிட் நைட்ரேட்-நைட்ரஜனைக் காட்டினால் 4.43-ஆல் பெருக்குங்கள்.

10. வாரம் தவறாமல் 10 விழுக்காடு தண்ணீர் மாற்றுகிறேன். நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் 40 இருக்கும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 36 ஆகும். அந்த வாரத் தீனியிலிருந்து 4 சேர்ந்தால் மறுபடியும் 40. எத்தனை ஆண்டு மாற்றினாலும் அங்கேயேதான் நிற்கும். வாரச் சேர்க்கை 2 ஆக இருந்தால் 20-இல் நிற்கும். அதாவது உங்கள் எண்ணைத் தீர்மானிப்பது தண்ணீர் மாற்றம் மட்டுமல்ல, வாரத்துக்கு எவ்வளவு உள்ளே வருகிறது என்பதும்தான்.

உடனே இறக்க வேண்டுமானால் பெரிய அளவில் மாற்ற வேண்டும், உப்பளவும் வெப்பமும் காரத்தன்மையும் பொருந்தியிருக்க வேண்டும். நிரந்தரமாக இறக்க வேண்டுமானால் வரவைக் குறைக்க வேண்டும் அல்லது இன்னொரு வெளியேற்றும் வழி வேண்டும். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். தண்ணீர் மாற்றும்போது மணல் ஓரத்திலும் பாறை இடுக்கிலும் தேங்கிய வண்டலை உறிஞ்சி எடுப்பது, நீரின் அளவைவிடப் பலன் தரும். வடிகட்டும் துணிப்பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாத பை குப்பைத்தொட்டியைத் தண்ணீருக்குள் வைத்திருப்பது போல.

11. பாசி தின்ன எந்த நத்தை, எந்த மீன் வாங்கலாம்? உண்மையில் பயன் உண்டா?

பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் கரீபியன் கடலைக் காட்டுவேன். 1983-இல் அங்கே டயடெமா என்ற நீள்முள் கடல் முள்ளெலிகளைத் தாக்கிய ஒரு கொள்ளைநோய் பனாமா அருகே தொடங்கி ஏறக்குறைய ஓராண்டில் கடல் முழுதும் பரவியது. பத்தில் ஒன்பதுக்கும் மேல் செத்துப்போயின. பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே அதிகமாகப் பிடிக்கப்பட்டிருந்த ஜமைக்கா போன்ற இடங்களில் பவளப்பாறைகளைப் பாசி மூடிவிட்டது. தின்கிறவர்கள் போனதும் அவ்வளவு பெரிய கடலிலேயே இந்தக் கதி. கடலில் பாசி வளராமல் இல்லை, நம் கண்ணில் படும் முன் தின்னப்பட்டுவிடுகிறது. எண்களைத் துரத்துகிற நேரத்தில் பாதியைத் தின்கிறவர்களைத் தேடுவதில் செலவிடலாம் என்பது என் கட்சி.

டிரோக்கஸ் நத்தை என் முதல் தேர்வு. கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயாவும் நன்றாகத் தின்னும், ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் எழ முடியாமல் சாகும். டர்போ பெருந்தீனிக்காரன், ஒட்டாத பவளத்தையெல்லாம் தள்ளிவிடும். நஸாரியஸ் பாசி தின்னாது, அது மிஞ்சிய தீனிக்கு மட்டும். கெட்டியான குட்டைப் பாசிக்கு டக்ஸீடோ கடல் முள்ளெலியை மிஞ்ச ஆளில்லை. கொஞ்சம் சுண்ணப்பாசியையும் சுரண்டும், கையில் கிடைத்த சிறு பவளத்தைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு திரியும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் தொட்டியின் நாயகன்.

மீனில் டாங் இனங்களும் முயல்மீன்களும் சிறந்தவை, ஆனால் நீந்த இடம் வேண்டும். பாசி தின்னும் பிளென்னி சிறிய தொட்டிக்கு ஏற்றது. பாசி தீர்ந்த பிறகு அதற்குத் தீனி வையுங்கள், பல பிளென்னிகள் வேலையை முடித்துவிட்டுப் பட்டினியில் சாகின்றன. இன்னொன்று: நீண்டு வளர்ந்த முடிப்பாசியைப் பெரும்பாலான நத்தைகள் தொடாது. முதலில் நீங்கள் வெட்டுங்கள், துளிர்ப்பதை அவை பார்த்துக்கொள்ளும்.

12. பாஸ்பேட்டை நீக்கி வைத்தால் இரண்டே நாளில் திரும்ப ஏறுகிறது. தீனி கூடப் போடவில்லை!

பாறை கக்குகிறது. பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. நீரில் அளவு கூடும்போது பாறை வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது திருப்பிக் கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் 0.3-இல் இருந்த தொட்டியின் பாறையில் நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்ந்திருக்கும். தண்ணீர் மாற்றம் நைட்ரேட்டை இறக்கும் அளவுக்குப் பாஸ்பேட்டை இறக்காததற்கும் இதுவே காரணம்.

ஆகவே சிறுகச் சிறுக. இரும்பு ஆக்சைடை வழக்கமான அளவில் பாதி போட்டு, வாரம் ஒருமுறை அளந்து, தீர்ந்ததும் மாற்றுங்கள். பாஸ்பேட் சட்டென்று விழுந்தால் பவளம் அடிபடும், கேள்வி 4-இல் என் கதையைப் பார்த்தீர்கள். லாந்தனம் குளோரைடு இன்னும் வேகமானது. பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்துகளாகப் படியும். அதைத் துளித்துளியாக, நுண்வடிகட்டிப் பைக்குள் விழும்படி விட வேண்டும். துகள் செவுளில் படிந்தால் மீனுக்கு ஆபத்து, டாங் மீன்கள் முதலில் மூச்சுத் திணறும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

13. அப்படியானால் மீனுக்குத் தீனியைக் குறைத்துவிடலாமா?

வீணாவதைக் குறையுங்கள், மீனின் வயிற்றைக் குறைக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு, நாளுக்கு இரண்டு மூன்று முறை போடலாம். தீனி நேரத்தில் பெரிய பம்புகளை நிறுத்தினால் அது வழிந்தோடி மூலையில் மக்காது. உறைந்த தீனியைக் கழுவிப் போடுவதால் மிச்சமாவது கொஞ்சம்தான். கழுவுங்கள், ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். மீன் அதிகமாக இருப்பதுதான் பிரச்சினை என்றால், ஒரு மீனை வேறு வீட்டுக்கு அனுப்புவதே நேர்மையான வழி.

14. விளக்கு நேரத்தைக் குறைத்தால் பாசி போகுமா?

வளர்ச்சி மெதுவாகும். சத்து அங்கேயேதான் இருக்கும். 12 மணி நேரம் எரியவிட்டிருந்தால் 8 அல்லது 9-க்கு இறக்குங்கள், வெள்ளையையும் சிவப்பையும் குறைத்து நீலத்தை விடுங்கள். அதற்கு மேல் குறைத்தால் பவளமும் அதே அளவு இழக்கும். தொட்டியின் மேல் நேரடி வெயில் விழுந்தால் திரை போடுங்கள்.

15. ரெஃபியூஜியம் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

பாசியைப் பாசியால் வெல்லும் ஏற்பாடு அது. கீழ்த்தொட்டியில் ஓர் அறையில் விளக்குப் போட்டுக் கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் பாசியை வளர்ப்பார்கள். முதன்மைத் தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவில் இதை எரியவிட்டால், இரவில் பி.எச். இறங்குவதும் குறையும். காலர்பா என்ற பாசி வேண்டாம். திடீரென்று இனப்பெருக்கம் செய்து, ஒரே நாளில் கரைந்து நீரைப் பாலாக்கிவிடும்.

ஆனால் பலரும் மறப்பது ஒன்று உண்டு: அறுவடை. வளர்ந்ததை வாரம் ஒருமுறை பிய்த்து வெளியே எறிந்தால்தான் சத்து வெளியேறும். முதன்மைத் தொட்டியில் முடிப்பாசி ஏற்கெனவே கொழுத்திருந்தால் கீட்டோ அதோடு போட்டியிட முடியாமல் வெளுக்கும். அதனால் கேள்வி 7-இல் சொன்னதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். இதே கருத்தில், ஓடும் நீர்ப்படலத்தில் ஒரு வலைமீது பாசியை வளர்த்துச் சுரண்டியெடுக்கும் முறையை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி உருவாக்கினார். இடம் குறைந்தவர்களுக்கு அது நல்லது.

16. தொட்டியில் வோட்கா ஊற்றுகிறார்களாமே, விளையாட்டுக்குச் சொல்கிறார்களா?

உண்மைதான். ஆல்கஹால், வினிகர், சர்க்கரை எல்லாமே பாக்டீரியாவுக்குக் கார்பன் தீனி. கார்பன் கிடைத்ததும் அவை பெருகி நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடலில் சேர்க்கும், ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியேற்றும். நைட்ரேட்டில்தான் விளைவு அதிகம். 100 லிட்டருக்கு நாளுக்கு 0.1 மி.லி. வோட்காவில் தொடங்கி வாரவாரம் சிறிதளவு கூட்டுவது வழக்கம். வினிகர் என்றால் அதைப்போல எட்டு மடங்கு.

நல்ல ஸ்கிம்மர் இல்லாமல் தொடாதீர்கள். பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனைத் தின்னும், ஸ்கிம்மர்தான் காற்றையும் கலக்கிறது. நீர் மங்கினால் உடனே நிறுத்துங்கள். சத்து குறையும்போது காரத்தன்மையை 7 முதல் 8.5 டி.கே.எச்.-க்குள் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வையுங்கள். சத்து இல்லாமல் காரத்தன்மை மட்டும் உயர்ந்திருந்தால் அக்ரோபோராவின் நுனி கருகும். பாஸ்பேட் ஏற்கெனவே பூஜ்ஜியமாக இருந்தால் இந்த வழியும் வேலை செய்யாது, பாக்டீரியாவுக்கும் பாஸ்பரஸ் வேண்டுமே.

17. மணலில் பழுப்புச் சளி, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழி. காலையில் குறைவு, மாலையில் தொட்டி முழுக்க. டயாட்டமா?

டைனோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், குறிப்பாக எண்கள் பூஜ்ஜியத்தில் இருந்தால். சளியைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காகிதத்தில் வடிகட்டி, தெளிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். திரும்ப நூலாகச் சேர்ந்தால் டைனோ. நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எந்த டைனோ என்பதில்தான் வைத்தியம் மாறுகிறது.

ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை இரவில் நீரில் எழுந்து மிதக்கும், ஆகவே தொட்டியிலிருந்தே நீரை இழுத்துத் திரும்ப விடும் புறஊதா விளக்கு அதைக் கொல்லும். 10 லிட்டருக்கு 1 வாட் என்ற வலுவான கணக்கில் போட வேண்டும். இது நச்சுடையது, தின்ற நத்தைகள் சாகும். பெரிய செல் ஆம்ஃபிடினியம் என்ற வகை மணலைவிட்டு எழாது, புறஊதாவால் பயனில்லை. அதற்குச் சிலிக்கேட் சேர்த்து டயாட்டத்தை வளர்த்து, இடத்தைப் பிடிக்க வைக்கிறார்கள். கேள்வி 5-இல் தொல்லையாக வந்தவன் இங்கே துணைக்கு வருகிறான். ஆஸ்ட்ரியாப்சிஸுக்கு மூன்று நாள் முழு இருட்டும் உதவும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது இதற்கும் பொருந்தும், அதற்கு மேல் பவளம் தாங்காது.

எந்த வகையானாலும் அடிப்படை ஒன்று: சத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து மேலே ஏற்றுங்கள். தூய சோடியம் நைட்ரேட் 137 கிராமைக் கரைத்து ஒரு லிட்டராக்கினால், அதில் 1 மி.லி. 100 லிட்டர் தொட்டியின் நைட்ரேட்டை 1 உயர்த்தும். நீரேறாத டிரைசோடியம் பாஸ்பேட் 1.73 கிராமை ஒரு லிட்டராக்கினால், 1 மி.லி. அதே தொட்டியில் 0.01 உயர்த்தும். பாஸ்பேட் மறுநாளே காணாமல் போகும், கேள்வி 12-இல் சொன்னபடி பாறை வாங்கிக்கொள்கிறது. நிலைக்கும் வரை தினமும் அளந்து சேர்க்க வேண்டும். எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

18. சிவப்பு நிறத்தில் வழவழப்பான போர்வை. இழுத்தால் தாளாக வருகிறது. மருந்து உண்டா?

அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத, வண்டல் தேங்கும் இடங்களில் விரும்பிப் படரும். இவற்றில் சில காற்றிலுள்ள நைட்ரஜனையே பயன்படுத்தக்கூடியவை, ஆகவே நைட்ரேட்டை ஒழித்து இவற்றைப் பட்டினி போட முடியாது. உறிஞ்சி எடுங்கள், பம்பின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள், வண்டலைக் கிளறி வெளியேற்றுங்கள். எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கொன்றுவிடும், அதுவும் இரண்டே நாளில். ஆனால் செத்தது அழுகும்போது ஆக்சிஜன் விழும், காலியான இடத்தில் டைனோ வந்து உட்காரும். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

19. இறகு மாதிரி பச்சைப் பாசி. எது செய்தாலும் போகவில்லை.

பிரையாப்சிஸ். முடிப்பாசிபோலத் தெரிந்தாலும் தண்டின் இரு பக்கமும் கிளை விரிந்து இறகாக இருக்கும். மருந்தே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்த நான் விலக்குக் கொடுக்கும் ஒரே இடம் இது. பூஞ்சைக்கு மனிதர்கள் சாப்பிடும் ஃப்ளூகோனசோல், லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.கி. கணக்கில், கார்பன் வடிகட்டியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் நீரில் இருந்தால் பிரையாப்சிஸ் வெளுத்துக் கரையும். முதலில் முடிந்த அளவு கையால் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி 7-இல் சொன்ன உரம்தான்.

20. பச்சைக் கண்ணாடிக் கோலிபோல உருண்டைகள். உடைத்தால் ஆயிரமாகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

வலோனியா. ஒவ்வோர் உருண்டையும் ஒரே செல், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். ஒன்றிரண்டு உடைவதால் குடி முழுகிப் போகாது. அடியில் ஒட்டியிருக்கும் பகுதியோடு பெயர்த்தெடுப்பதுதான் முக்கியம், எஞ்சினால் அங்கிருந்து மறுபடி வரும். எமரால்டு நண்டு தின்னும், பசித்தால் வேறு எதையும் தின்னும்.

21. பாறையில் இளஞ்சிவப்புப் படலம் ஏறுகிறது. இதையும் சுரண்ட வேண்டுமா?

கூடவே கூடாது. சுண்ணப்பாசி பிடித்த இடத்தில் முடிப்பாசி எளிதில் காலூன்றாது. கால்சியம் 420 பிபிஎம், மெக்னீசியம் 1300 பிபிஎம், காரத்தன்மை 8 டி.கே.எச். அளவில் நிலையாக இருந்தால் தானே பரவும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுரண்டுங்கள்.

22. நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் 16:1 விகிதம் வேண்டும் என்று படித்தேன். என்னுடையது 200:1. சரிசெய்ய வேண்டுமா?

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற கடலியலாளர் கடலின் மிதவையுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்று இருப்பதைக் காட்டினார். அது அணுக்களின் எண்ணிக்கை. பிபிஎம் என்பது எடைக் கணக்கு. மாற்றிப் பார்த்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய 10:1 வரும். கிட்டின் எண்ணை அப்படியே 16-ஆல் வகுப்பவர்கள் முதல் படியிலேயே தவறுகிறார்கள்.

அதைவிட முக்கியம், அது உயிர்களின் உடலில் இருந்த விகிதம். தொட்டி நீருக்கான கட்டளை அல்ல. நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05 என்றாலே 200:1 ஆகிவிடும், அந்தத் தொட்டி கேள்வி 3-இன்படி அருமையான தொட்டி. இரண்டும் தனித்தனியே வரம்புக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

23. எல்லாம் செய்துவிட்டேன், ஓராண்டாகப் போராட்டம். பிரித்துப் போட்டுப் புதிதாகத் தொடங்கிவிடலாமா?

தொடங்கினால் கேள்வி 1-லிருந்து மறுபடி வர வேண்டியிருக்கும். முதலில் எத்தனை மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு வைத்தியம் மாற்றியிருந்தால் எதுவும் முழுதாகச் செய்யப்படவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து எட்டு வாரம் விடுங்கள், வாராவாரம் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும்.

அதற்கும் அசையாவிட்டால் முழுத் தொட்டியையும் கலைக்க வேண்டாம், பாசி மோசமான பாறைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். மூடியுள்ள பெரிய வாளியில் உப்பு நீரும் சிறு பம்பும் சூடேற்றியும் வைத்து, வெளிச்சம் படாமல் இரண்டு மாதம் விடுங்கள். அவ்வப்போது பாறையை உலுக்கி, அடியில் சேரும் வண்டலைக் கொட்டி நீரை மாற்றுங்கள். பாசி இருட்டில் சாகும், பாக்டீரியா பிழைக்கும், பாறை வைத்திருந்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். அந்த நீரின் பாஸ்பேட்டை வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். மாற்றிய நீரில் ஒரு வாரமாகியும் எண் ஏறாமல் நின்றால் பாறையைத் தொட்டிக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.